பேன்ஷீயும் மண்மேடும்: கெல்டிக் கதைகளின் சில சொற்கள்

போன மாதம் ஹாஸ்டலில் பக்கத்து அறை நண்பன் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கேம் ஆடிக்கொண்டிருந்தான். திடீரென்று தலைவிரி கோலமாக, வெள்ளை உடையில் ஒரு பெண் உருவம் அலறிக்கொண்டு வந்தது. "யாருடா இது?" என்றேன். "பேன்ஷீ. கத்தினா நம்ம லைஃப் குறையும்" என்றான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கு அதுவும் தெரியாது. அன்றிரவு அந்த ஒரு சொல்லைத் தேட ஆரம்பித்தேன். அது இன்னொரு சொல்லில் கொண்டுபோய் விட்டது, அது இன்னொன்றில். கடைசியில் 1895-இல் ஒரு கிராமத்து வீட்டின் அடுப்படியில் போய் நின்றேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள் :)

முதலில் "கெல்டிக்" என்ற சொல்லையே பார்த்துவிடலாம். (உச்சரிப்பு "கெல்டிக்"தான். கிளாஸ்கோ கால்பந்து அணிக்கு "செல்டிக்". ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.) கிரேக்கர்கள் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவின் மேற்கில் இருந்த சில மக்களைக் "கெல்டோய்" என்று எழுதியிருக்கிறார்கள். ஜூலியஸ் சீசர் இன்றைய பிரான்ஸின் ஒரு பகுதி மக்கள் தங்களைக் "கெல்டே" என்று சொல்லிக்கொண்டதாக எழுதுகிறார். ஆனால் அயர்லாந்து, பிரிட்டன் மக்களை அப்படி அழைக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. அந்தப் பெயரை அவர்களுக்கு ஒட்டவைத்தது மொழியியல். ஆக்ஸ்ஃபோர்டில் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்த வேல்ஸ்காரர் எட்வர்ட் லூயிட் 1707-இல் ஒரு பெரிய புத்தகம் போட்டார். ஐரிஷ், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் மொழிகளுக்குள் இருக்கும் உறவை அதில் வரிசையாக எடுத்துக் காட்டினார். இவற்றோடு ஸ்காட்லாந்தின் கேலிக், மான் தீவின் மாங்க்ஸ் இரண்டையும் சேர்த்து இன்று ஆறு கெல்டிக் மொழிகள் என்கிறோம். ஆக, கூ ஹுலின் கதையைச் சொன்ன பாட்டிகள் யாருக்கும் தாங்கள் "கெல்டிக் புராணம்" சொல்கிறோம் என்று தெரியாது. அவர்கள் சொன்னது வெறும் கதை. பெயர் பிறகு வந்தது.

சரி, பேன்ஷீக்கு வருவோம்.

ஐரிஷில் அது இரண்டு சொல். "பான்" என்றால் பெண். "ஷீ" என்றால்... இங்கேதான் எல்லாமே இருக்கிறது. ஷீ என்றால் பேய் அல்ல, தேவதையும் அல்ல. அது ஒரு மண்மேடு. புல் மூடிய, வட்டமான, பழங்கால மேடு. உள்ளே ஒரு உலகம் இருக்கிறது என்பது நம்பிக்கை. அங்கே வசிப்பவர்கள் "ஈஸ் ஷீ", அதாவது மேட்டு மக்கள். பேன்ஷீ என்றால் மேட்டுப் பெண். அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டுப் பழைய ஐரிஷ் கதைகளில் வரும் மேட்டுப் பெண்கள் பலர் பேரழகிகள். யாராவது ஒரு இளவரசனைக் காதலித்துத் தங்கள் உலகத்துக்கு அழைத்துப் போவார்கள். அலறுவதெல்லாம் கிடையாது.

பிற்கால நாட்டுப்புற நம்பிக்கையில்தான் அவள் சில பழங்குடும்பங்களோடு ஒட்டிக்கொண்டு, அந்தக் குடும்பத்தில் ஒருவர் சாகப்போகும்போது இரவில் வீட்டருகே அழுபவளாகிறாள். அப்போதும் அவள் யாரையும் கொல்வதில்லை. சாவு வருகிறது என்று தெரிந்து அழுகிறாள், அவ்வளவே. அயர்லாந்தில் செத்த வீட்டில் பெண்கள் கூடி, இறந்தவரின் பெருமை சொல்லிப் பாடி அழும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருந்தது. நம் ஒப்பாரி போலவேதான். பேன்ஷீ அந்த ஒப்பாரிக்காரியின் மறு உருவம். கேமில் அவளை வாளால் வெட்டச் சொல்கிறார்கள். பாவம், அழ வந்தவள்!

மேடு என்றதும் ஏதோ வயல்வெளித் திட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரையில் நியூகிரேஞ்ச் என்று ஒரு மேடு இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 3200-இல் கட்டியது. கிசா பிரமிடுகளைவிடப் பழையது. உள்ளே நீண்ட ஒரு கல் நடைபாதை, அதன் முடிவில் ஓர் அறை. டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில நாட்களில் மட்டும் காலைச் சூரியன் வாசலுக்கு மேலே உள்ள ஒரு சிறு திறப்பு வழியாக உள்ளே நுழைந்து அந்த அறை வரை போகும். 1962 முதல் அங்கே அகழாய்வு செய்த மைக்கேல் ஓ'கெல்லி 1967-இல் இதைத் தன் கண்ணால் பார்த்தார். அவரை அங்கே அந்த விடியலில் போய் உட்காரவைத்தது என்ன தெரியுமா? ஏதோ ஒரு நாள் சூரியன் உள்ளே வரும் என்ற ஊர்ப்பேச்சு!

இதைக் கட்டியவர்கள் கெல்டிக் மொழி எதுவும் பேசியவர்கள் அல்ல. அவர்கள் மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர்கள் இந்த மேட்டைப் பார்த்து, "யார் வீடு இது?" என்று கேட்டிருக்க வேண்டும். பதிலாகக் கதை வந்தது. டாக்டா என்ற பெரிய கடவுளின் வீடு இது. அவன் மகன் எங்கஸ் வந்து, "எனக்கு ஒரு வீடும் இல்லையே" என்கிறான். பிறகு "பகலும் இரவும் இங்கே இருக்கிறேன்" என்று கேட்டு வாங்குகிறான். ஒரு பகலும் ஓர் இரவும்தானே என்று அப்பா நினைக்கிறார். மறுநாள் போகச் சொன்னால் மகன் போகவில்லை. உலகமே பகலும் இரவும்தானே, எனக்குக் கொடுத்தது அதைத்தான் என்கிறான். வீடு போயிற்று. (ஏமாந்தது டாக்டா அல்ல, வேறொருவர் என்றும் ஒரு வடிவம் உண்டு.)

இந்தத் தந்திரம் ஆங்கிலத்தில் சொன்னால் சரியாக விழாது. "ஒரு" என்று சேர்த்தே ஆகவேண்டும், அல்லது அடியில் விளக்கக் குறிப்பு போடவேண்டும். பழைய ஐரிஷில் "ஒரு" என்ற சொல் கட்டாயம் இல்லை. தமிழிலும் இல்லை. அதனால் நமக்குக் கதை அப்படியே புரிகிறது. எனக்கு இதில் ஒரு அல்ப சந்தோஷம்.

டாக்டா, எங்கஸ் இவர்களையெல்லாம் சேர்த்து "தூஹா டே டானன்" என்பார்கள். டானு என்ற தாய்த்தெய்வத்தின் மக்கள் என்று பொதுவாகப் பொருள் சொல்வது வழக்கம். ஆனால் பழைய நூல்களில் "தூஹா டே" என்று மட்டும்தான் இருக்கிறது: தெய்வ மக்கள். இதில் ஒரு சிக்கல். கதைகளை எழுதி வைத்தவர்கள் கிறிஸ்தவ மடங்களில் இருந்த துறவிகள். பைபிளில் வரும் இஸ்ரவேலர்களையும் அவர்கள் இதே சொல்லால்தான் குறித்தார்கள், கடவுளின் மக்கள் என்ற பொருளில். இரண்டும் குழம்பக்கூடாது என்றுதான் "டானன்" என்ற ஒட்டு பிற்பாடு சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். பதினோராம் நூற்றாண்டில் தொகுத்த "அயர்லாந்தைக் கைப்பற்றிய நூல்" இன்னும் ஒரு படி மேலே போகிறது. அயர்லாந்துக்கு முதலில் வந்தவள் நோவாவின் பேத்தியாம்! அலை அலையாகக் கூட்டங்கள் வருகின்றன. தூஹா டே வருகிறார்கள், ஆள்கிறார்கள். கடைசியில் மனிதர்கள் வந்து அவர்களைத் தோற்கடிக்க, அவர்கள் மண்மேடுகளுக்குள் போய்விடுகிறார்கள். தரைக்கு மேலே நமக்கு, தரைக்குக் கீழே அவர்களுக்கு.

அந்தத் துறவிகளின் நிலைமையை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் லெய்ன்ஸ்டர் புத்தகத்தில் "டாய்ன்" என்ற பெரிய வீரகதை இருக்கிறது. அதன் முடிவில் ஐரிஷில் ஒரு குறிப்பு: இதை மாற்றாமல் அப்படியே பேணுபவர்களுக்கு ஆசி. உடனே கீழே லத்தீனில் இன்னொரு குறிப்பு: இதை எழுதிய நான் இதை நம்பவில்லை, இதில் சில பேய்களின் ஏமாற்று, சில கவிஞர்களின் கற்பனை, சில முட்டாள்களின் பொழுதுபோக்குக்கு என்ற பொருளில். தாய்மொழியில் ஆசி, சர்ச் மொழியில் மறுப்பு! இருந்தும் எழுதினார்கள். இதைவிடப் பழைய இன்னொரு ஏட்டை எழுதியவர்களில் ஒருவரான மேல் முரெ என்பவரை 1106-இல் கொள்ளையர்கள் குளோன்மக்னாய்ஸ் மடத்துக் கற்கோயிலிலேயே கொன்றார்கள். அவர் கையெழுத்து இன்றும் டப்ளினில் இருக்கிறது.

எழுதுபவர் கையில் சொல் மாறிப்போவதற்கு இரண்டு வேடிக்கையான உதாரணங்கள். வேல்ஸின் பழங்கதைத் தொகுப்பை உலகம் "மாபினோகியன்" என்கிறது. அந்த வடிவம் கையெழுத்துப் பிரதியில் ஓர் இடத்தில்தான் வருகிறது, அதுவும் எழுதியவரின் கைப்பிழை என்றே கருதுகிறார்கள். சரியான சொல் "மாபினோகி". சார்லட் கெஸ்ட் சீமாட்டி 1838 முதல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது பிழை வடிவத்தைத் தலைப்பாக வைத்தார், நிலைத்துவிட்டது. இன்னொன்று லெப்ரகான். பச்சைச் சட்டை, தங்கப் பானை, குட்டி மனிதன். பழைய கதையில் அவன் தண்ணீரில் வாழ்பவன். தூங்கும் அரசனைக் கடலுக்குள் இழுக்கப் பார்க்கிறான். தங்கமும் இல்லை, பச்சையும் இல்லை. சொல்லுக்குக் "குறு உடல்" என்று பொருள் சொல்லி வந்தார்கள். 2019-இல் பழைய ஐரிஷ் அகராதியைத் திருத்திய கேம்பிரிட்ஜ், பெல்ஃபாஸ்ட் அறிஞர்கள் அது ஐரிஷ் சொல்லே அல்ல என்றார்கள். ரோமாபுரியில் லூப்பர்கேலியா திருவிழாவில் ஓடிய "லூப்பர்கி" என்ற கூட்டத்தின் பெயர் லத்தீன் நூல்கள் வழியாக மடத்துக்குள் வந்து இப்படி ஆயிற்றாம். அயர்லாந்தின் அடையாளமே இத்தாலி இறக்குமதி!

ஒரு சொல்லை மட்டும் தமிழில் எப்படிச் சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. "கெஷ்". தடை என்றால் போதாது, சாபம் என்றால் தவறு, விரதம் என்றால் பாதி சரி. ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு மட்டும் உரிய "இதைச் செய்யாதே". மீறினால் அழிவு. கூ ஹுலின் என்ற பெயருக்குக் குலனின் நாய் என்று பொருள். சிறுவனாக இருந்தபோது குலன் என்ற கொல்லனின் காவல்நாயைக் கொன்றுவிட்டு, அதற்குப் பதில் நானே காவல் இருக்கிறேன் என்றதால் வந்த பெயர். ஆகவே நாய்க்கறி அவனுக்கு கெஷ். அதோடு, சமைக்கும் அடுப்பைக் கடந்து போகும்போது அங்கே உண்ணாமல் போவதும் கெஷ். கடைசிப் போருக்குப் போகும் வழியில் மூன்று கிழவிகள் அடுப்பு மூட்டி ஏதோ வாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாய்க்கறி. சாப்பிட்டால் ஒரு கெஷ் முறிகிறது, சாப்பிடாவிட்டால் இன்னொன்று. ஏழைகளின் உணவை மறுக்கிறாயா என்று வேறு கேட்கிறார்கள். வாங்கிக்கொள்கிறான். வாங்கிய கை வலுவிழக்கிறது. அவன் முடிவு அங்கேயே எழுதியாகிவிட்டது. கதை சொல்பவருக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது.

சௌவின் பற்றிச் சுருக்கமாக. நவம்பர் 1, அதற்கு முந்தைய இரவு. குளிர்காலத்தின் வாசல், மேடுகள் திறக்கும் இரவு. ஹாலோவீன் இதிலிருந்து வந்தது என்பார்கள், அதில் சர்ச்சின் பங்கு எவ்வளவு என்று சண்டையும் உண்டு. ஐரிஷில் இன்றும் நவம்பர் மாதத்தின் பெயரே சௌவின்தான். பிப்ரவரி முதல் நாள் இம்போல்க், பிரிஜிட் நாள். 2023 முதல் அதற்கு அயர்லாந்து அரசு விடுமுறை.

இனி மேட்டு மக்களுக்குத் திரும்புகிறேன். ஊர்க்காரர்கள் அவர்களை "ஈஸ் ஷீ" என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்கினார்கள். "நல்லவர்கள்" என்றார்கள். வேல்ஸில் "அழகிய குடும்பம்". அன்பினால் அல்ல, பயத்தினால். நாம் கொடிய விஷப்பாம்பை நல்ல பாம்பு என்கிறோமே, அப்படி. அந்தப் பயம் நிலத்திலும் தெரிகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் விவசாயக் குடும்பங்கள் வீட்டைச் சுற்றி வட்டமாக மண்கரை கட்டி வாழ்ந்தார்கள். அந்த வட்டத்துக்கு "லிஸ்" அல்லது "ராத்" என்று பெயர். அவை இன்றும் 40,000-க்கும் அதிகமாக மிஞ்சியிருக்கின்றன. நல்லவர்களின் கோட்டை என்று நினைத்து உழாமல் விட்டதும் அதற்கு ஒரு காரணம். 1999-இல் கிளேர் கவுண்டியில் புதிய சாலைக்காக ஒரு முள்மரத்தை வெட்ட இருந்தார்கள். கதைசொல்லி எடி லெனிஹன் அது நல்லவர்களின் மரம், வெட்டாதீர்கள் என்று பத்திரிகைகளில் எழுதினார். மரம் பிழைத்தது, சாலை ஒதுங்கிப் போகிறது. படிக்க இனிமையாக இருக்கிறது, இல்லையா?

அதே நம்பிக்கையின் இன்னொரு சொல் "இயர்லிஷ்". நல்லவர்கள் ஒரு மனிதரைத் தூக்கிப்போய், அவர் இடத்தில் அவர் போலவே ஒன்றை விட்டுவிட்டுப் போவார்கள். அந்த மாற்று ஆள்தான் இயர்லிஷ். நோஞ்சானாக இருக்கும், ஓயாமல் அழும், நடக்காது, பேசாது. மருத்துவம் தெரிந்த யார் படித்தாலும் இது எதன் வருணனை என்று புரியும். உண்மையான ஆளைத் திரும்பப் பெற வேண்டுமானால் மாற்றைத் துன்புறுத்தி விரட்ட வேண்டும்: கசப்பு மூலிகை, தண்ணீர், நெருப்பு.

1825-இல் கிராஃப்டன் குரோக்கர் தென் அயர்லாந்தின் தேவதைக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டார். நன்றாக விற்றது. மறு ஆண்டு, 1826-இல், கெர்ரி கவுண்டியில் மைக்கேல் லேஹி என்ற சிறுவனை ஃபிளெஸ்க் ஆற்றில் முக்கினார்கள். அவனுக்கு நிற்க வராது, நடக்க வராது, பேச வராது. மாற்றை விரட்டத்தான் முக்கினார்கள். குழந்தை இறந்தது. முக்கிய ஆன் ரோச் என்ற முதியவள் வழக்கில் விடுதலையானாள்.

1893-இல் கவிஞர் யேட்ஸ் "கெல்டிக் அந்தி" என்ற தொகுப்பை வெளியிட்டார். கனவு மாதிரியான புத்தகம். இரண்டு ஆண்டுகள் கழித்து, டிப்பரரி கவுண்டியில் பாலிவாட்லியா என்ற சிற்றூர். பிரிஜிட் கிளியரிக்கு வயது 26. தையல்காரி, தொப்பி தைப்பவள், சொந்தமாகத் தையல் மெஷின் வைத்திருந்தவள், கோழி வளர்த்து முட்டை விற்றுக் கையில் காசு வைத்திருந்தவள். குழந்தை இல்லை. கணவன் மைக்கேல் பீப்பாய் செய்யும் தொழிலாளி, எழுதப் படிக்கத் தெரிந்தவன். 1895 மார்ச் தொடக்கத்தில் அவளுக்குக் காய்ச்சல், குளிர், தலைவலி. உறவுக்காரர் ஒருவர் வந்து பார்த்து, இது பிரிஜிட்டே அல்ல என்றார். மார்ச் 13-இல் டாக்டரும் வந்தார், பாதிரியாரும் வந்தார். 14-ஆம் தேதி இரவு அத்தை மகன்கள் கைகால்களைப் பிடித்துக்கொள்ள, மூலிகையை வாயில் ஊற்றி, அடுப்பருகே தூக்கிப்பிடித்துக் கேள்வி கேட்டார்கள்: கடவுளின் பெயரால் சொல், நீ போலண்டின் மகள் பிரிஜிட்தானா? அப்பாவும் அங்கே இருந்தார். அவரும் கேட்டார்.

மறுநாள் இரவு அவள் எழுந்து உடை உடுத்தி அடுப்பருகே வந்து உட்கார்ந்திருந்தாள். கணவன் மூன்று ரொட்டித் துண்டுகளை நீட்டி, ஒவ்வொன்றுக்கும் முன் அதே கேள்வியைக் கேட்டான். மூன்றாவதற்கு அவள் பதில் தாமதமானது. அவளைக் கீழே தள்ளினான். உடையில் நெருப்புப் பற்றியது. விளக்கெண்ணெயை (நம் வீட்டு விளக்கெண்ணெய் அல்ல, விளக்குக்கு ஊற்றும் பாரஃபின்) எடுத்து மேலே ஊற்றினான். அத்தை, அத்தை மகன்கள், அப்பா எல்லோரும் வீட்டுக்குள்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகு சில இரவுகள் அவன் பக்கத்திலிருந்த லிஸ் மேட்டுக்குப் போய்க் காத்திருந்தான். உண்மையான பிரிஜிட் வெள்ளைக் குதிரையில் வெளியே வருவாள், கட்டை அறுத்து மீட்டுவிடலாம் என்று கையில் கத்தியோடு. 22-ஆம் தேதி போலீஸ் சேற்றுக் குழியிலிருந்து உடலை எடுத்தது.

பத்திரிகைகள் இதைச் "சூனியக்காரி எரிப்பு" என்று எழுதின. இன்றும் "அயர்லாந்தில் கடைசியாக எரிக்கப்பட்ட சூனியக்காரி" என்று வலையில் கிடைக்கும். தவறான சொல். அந்த வீட்டில் யாரும் அவளைச் சூனியக்காரி என்று சொல்லவில்லை. சூனியக்காரி என்றால் அவள் குற்றம் செய்தவள், ஆனாலும் அவள் அவள்தான். இயர்லிஷ் என்றால் அவள் அவளே இல்லை. எரிப்பது என் மனைவியை அல்ல என்று ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அந்த ஒரு சொல் இடம் கொடுத்தது. அவன் அதை நிஜமாகவே நம்பினானா, கோபத்துக்கு அதை ஒரு போர்வையாக்கினானா என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது. ஆஞ்சலா போர்க் 1999-இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். எனக்கு இரண்டும் கலந்தே இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. சொந்தமாகச் சம்பாதிக்கும், நன்றாக உடுத்தும், குழந்தை பெறாத பெண்ணைப் பார்த்து "நீ வேறு யாரோ" என்று சொல்வது அப்போதும் சுலபம்தான்.

ஜூலையில் குளோன்மெல் நகரில் வழக்கு நடந்தது. மைக்கேல் மீது கொலை நிரூபணமாகவில்லை, அதற்கு ஒரு படி கீழான மரணம் விளைவித்த குற்றத்துக்கு 20 ஆண்டு தண்டனை. 1910-இல் விடுதலையாகிக் கனடா போய்விட்டான். அயர்லாந்துக்குத் தன்னாட்சி தரலாமா என்று லண்டனில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. இந்த மாதிரி ஆட்களுக்கா சுயாட்சி என்று எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் எழுதின. ஒரே நம்பிக்கை, யேட்ஸ் புத்தகத்தில் தேசத்தின் ஆன்மா, பத்திரிகையில் காட்டுமிராண்டித்தனம். நடுவில் பிரிஜிட்டின் பேச்சை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை.

விடுதலைக்குப் பிறகு அயர்லாந்து இந்தச் சொற்களைத் தானே சேகரிக்கத் தொடங்கியது. 1935-இல் நாட்டுப்புறவியல் ஆணையம் அமைந்தது. 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பள்ளிகளின் மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். ஹோம்வொர்க்! பங்கெடுத்தவர்கள் சுமார் 50,000 பேர். அந்தப் பக்கங்கள் இப்போது வலையில் ஸ்கேன் வடிவத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பிள்ளைகளின் கையெழுத்திலேயே. நான் மூன்று ராத்திரி அதில் உட்கார்ந்திருந்தேன். மேட்டைப் பற்றிய பக்கங்கள் பல "அது இன்னாருடைய நிலத்தில் இருக்கிறது" என்றுதான் தொடங்குகின்றன. எந்த வயல், எத்தனை மரம், யார் அதில் கை வைத்து என்ன ஆனார் என்று வரிசையாகச் சொல்கின்றன. டிப்பரரி பள்ளிகளின் நோட்டுகளும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் சொன்ன தாத்தா பாட்டிகள் 1895-இல் பிரிஜிட்டின் வயதில் இருந்தவர்கள்.